பெரிய முரசின் பதில்

"துடுப்பை நிறுத்துண்ணே! அருவிச் சத்தம் கேட்குது!"

எலோம்பே கத்தியதும் அவள் அண்ணன் பொசெங்கோ சட்டென்று துடுப்பைத் தூக்கினான். சுற்றிலும் மூடுபனி. விடிந்துவிட்டதைக்கூட அந்த வெளுப்பை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. லுவேசி ஆறு தூக்கத்தில் நடப்பதுபோல் படகை இழுத்துப் போனது. முன்னால் எங்கோ அருவி உறுமியது.

படகின் நடுவே ஒரு மரப்பெட்டி. நூற்றுப் பதினெட்டு வருடங்களுக்கு முன் வெள்ளைக்காரப் பட்டாளம் ஊரிலிருந்து தூக்கிப்போன பெரிய முரசு அதற்குள் இருந்தது. ஐரோப்பாவில் ஓர் அருங்காட்சியகம் அதைக் கண்ணாடிக்குள் வைத்து, 'ஆசனம்' என்று சீட்டும் ஒட்டியிருந்தது. என்ன படிப்போ! அண்ணனும் தங்கையும் மூன்று வருடம் மல்லுக்கட்டி அதை மீட்டார்கள். ஒப்படைக்க வந்த அருங்காட்சியக அதிகாரி மார்லேன் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டும்... டும்... டும்...

கரையில் சின்ன முரசு, பெரியதன் ஜோடி! தினமும் விடியலில் எலோம்பேயின் அம்மா அதை அடித்து மூன்று தடவை கூப்பிடுவாள். ஒவ்வொரு தடவையும் பதிலுக்காக ஊரே மௌனமாகும். ஓங்கிய உலக்கைகூட அப்படியே நிற்கும். பதில் வந்தால் படகு கரை சேரும்வரை சின்ன முரசு ஓயக்கூடாது. பெரியது போனபின் பதில்தான் வந்ததில்லை.

"எந்தப் பக்கம்ணே?"

"தெரியலையே! ரெண்டு கரையிலயும் எதிரொலிக்குது."

"மார்லேன், பெட்டியைத் திறங்க! பதில் கொடுத்தா சின்ன முரசு நிக்காம அடிக்கும், திசை பிடிச்சுடலாம்!"

"ஊர்ல கையெழுத்து ஆகிற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு உத்தரவு..."

அருவி இன்னும் நெருங்கியது. மார்லேன் வெள்ளைக் கையுறைகளைக் கழற்றி வீசிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். "உத்தரவு கிடக்கட்டும்!"

இரண்டாவது அழைப்பு தொடங்கியது. பதறிப்போன எலோம்பே பெரிய முரசைப் படபடவென்று அடித்தாள். கரை அதைக் கண்டுகொள்ளவில்லை. சின்ன முரசு பேசி முடிக்கும் முன்பே அடித்துவிட்டாளே! குறுக்கே பேசினால் அது பதிலாகாது.

"இன்னும் ஒரு தடவைதான் கூப்பிடுவாங்க," என்றான் பொசெங்கோ.

டும்... டும்... டும்...

இந்த முறை காத்திருந்தாள். பழைய பதிலைக் கேட்டவர் யாரும் இன்று உயிரோடில்லை. ஆனால் அது எவ்வளவு நீளம் என்று அவள் கைக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து உலக்கையைத் தூக்கிப் பிடித்தபடி கை கடுக்க நின்ற நேரம் அது! கண்களை மூடி, அந்த நேரத்துக்குள் நிதானமாக ஐந்து முறை அடித்தாள். முரசின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து எழுவதுபோல் ஒலித்து, பனிக்குள் பரவியது.

ஒரு கணம் எதுவுமில்லை. பிறகு சின்ன முரசு முழங்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை!

"இடது பக்கம்! போடுண்ணே!"

பனி விலகியபோது ஊர் சனம் முழுக்க வரவேற்க ஆற்றில் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றது. படகு மணலைத் தொட்டது. மார்லேன் ஒப்படைப்புத் தாளில் 'ஆசனம்' என்பதை அடித்துவிட்டு, 'முரசு' என்று எழுதினாள். முதலிலேயே இந்த ஊரைக் கேட்டிருக்கலாம் என்று வெட்கத்தோடு சொன்னாள்.

அம்மா அப்போதுதான் அடிப்பதை நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிய முரசின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"வர்றதுக்கு இவ்வளவு நேரமா?" என்று அதட்டினாள்.