பிறந்த வீட்டுக் கோடி

ஆர்.எஸ்.புரம் வீட்டின் மாடியறைக்குள் பாலகோபால் அடைந்து நாற்பது நாளாகிவிட்டது. அக்கா மயிலாத்தாள் கொடுத்த சிறுநீரகத்தை அவனுக்கு வைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கொரோனா இரண்டாம் அலை. புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமலிருக்க காலை பத்துக்கும் இரவு பத்துக்கும் மாத்திரை. அந்த மாத்திரையே எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும். யாராவது பக்கத்தில் வந்து தும்மினால் போதும், ஆள் காலி. ஆறு மாதத்துக்கு அறையை விட்டு வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி சண்முகப்ரியா சாப்பாட்டை வாசல் ஸ்டூலில் வைத்துவிட்டுப் படியிறங்கிய பிறகுதான் தாழ்ப்பாளை நீக்குவான்.

கொடுமுடியிலிருந்து அக்கா தினமும் காலை பத்து மணிக்கு போன் செய்வாள். ஐந்து நாளாக அது வரவில்லை. செல் ரிப்பேர் என்றாள் ப்ரியா.

ஆறாம் நாள் சரியாகப் பத்து மணிக்கு, கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் சரசரத்தது. பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது.

"மாத்திரை போட்டியா கண்ணு?"

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அக்கா! எப்ப வந்தீங்க? இ-பாஸ் கெடச்சுதுங்களா?"

"குளுருது கண்ணு. கதவைத் தொற."

தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டான். கத்திரி வெயிலில் குளிரா? காய்ச்சலோ என்று பயந்து கையை எடுத்துக்கொண்டு, கீழே இருந்த ப்ரியாவுக்கு போன் போட்டான்.

"அக்காளுக்குக் குளிர்காய்ச்சலாட்ட இருக்குது. மேல எதுக்கு உட்டே?"

ப்ரியா அழுதாள்.

"அக்கா போயி அஞ்சு நாளாச்சுங்க. கொரோனா. தெரிஞ்சா உங்க உடம்பு தாங்காதுன்னு எல்லாருஞ் சேர்ந்து மறைச்சுப்போட்டோம்."

"கோடி போட்டீங்களா?"

"பக்கத்துலயே உடலீங்க. பிளாஸ்டிக் பையில வெச்சு ஜிப்பை இழுத்துட்டாங்க."

பெண் செத்தால் கூடப்பிறந்தவன் கோடிச் சேலை கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். தன் உடம்பையே அறுத்துக் கொடுத்தவளை ஒரு சேலைகூட இல்லாமல் அனுப்பியிருக்கிறான். முதலில் வந்தது வெட்கம். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கதவு தட்டப்பட்டது.

அறைக்கு வேறு வாசல் இல்லை.

"ரொம்பக் குளுருது கண்ணு."

அக்காளுக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்த பட்டுச் சேலை பீரோவில் இருந்தது. அதைக் கதவின் அடியிலிருந்த இடுக்கு வழியாகத் தள்ளினான்.

அந்தப் பக்கமிருந்து யாரோ மெதுவாக இழுத்தார்கள்.

"போத்திக்கிட்டு... போயிருங்கக்கா."

முந்தானை வரை போய்விட்டது. சத்தம் அடங்கியது. ப்ரியா மூச்சிரைக்க மேலே ஓடி வந்தாள்.

"வாசல்ல யாரு இருக்கா ப்ரியா?"

"யாருமில்லீங்க. பெரிய பிளாஸ்டிக் பை ஒண்ணு கெடக்குது. ஜிப்பு தொறந்திருக்குது."

"சேலை?"

"சேலை எதுவும் இல்லீங்களே."

தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. ஆபரேஷன் தையல் போட்ட இடம் சில்லென்றது. அவனுக்குப் பின்னால், கட்டிலின் மேல், பட்டு சரசரத்தது.

"கதவு சாத்தியே இருக்கட்டும் கண்ணு. வெளிய நோயி."