சத்தத்தைக் குறைக்கிறவன்

ரென்ஸ்கெ வந்து சேர்ந்தபோது மத்தியானம் இரண்டு மணி. ஃப்ரீஸ்லாந்தில் பிப்ரவரி மாதத்து வெளிச்சம் அந்த நேரத்துக்கே களைத்துப் போய்விடும். ஏரிக்கரையில் இருந்த தகரக் கொட்டகைக்குள் அறுபது படகுகள் குளிர்காலத்துக்காகக் கரையேறி, இரும்புத் தாங்கிகளின் மேல் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. டீசலும் மெழுகும் ஈரக் கயிறும் கலந்த வாசனை. தரை சிமெண்டு, எலும்பைப் போலக் காய்ந்து கிடந்தது.

படகுகளுக்கு மின்சார வேலை செய்பவள் அவள். அன்றைக்கு வந்த வேலை லேசானது. 'ஃபோர்துனா' என்ற பன்னிரண்டு மீட்டர் இரும்புப் படகில் இரண்டு பழைய டிவிக்களைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்ட வேண்டும். கூடத்தில் ஒன்று, முன்னறையில் ஒன்று.

படகுக்காரர் வீப்ரன் ஏணியின் மேலே காத்திருந்தார். அறுபத்தெட்டு வயது, நெட்டையான மனிதர். கைகளைப் பையில் விட்டுக்கொண்டு நின்றார்.

"அடேங்கப்பா, இந்தப் பொட்டிய இன்னுமா வச்சிருக்கீங்க?" என்றாள் ரென்ஸ்கெ, கூடத்து டிவியைப் பார்த்து. "இதத் தூக்கிட்டா படகு ரெண்டு விரக்கடை மேல மிதக்கும், பாருங்க."

வீப்ரன் சிரிக்கவில்லை. "நீன்கெதான் மாத்தச் சொன்னா. கோடைக்குப் பேரப்பசங்க வர்றாங்க. முன்னறைலதான் படுக்கப் போறாங்களாம்."

நீன்கெ அவர் மனைவி. கிராமத்தில் எல்லாருக்கும் அவளைத் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த இன்னொன்றும் உண்டு. பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு ஜூலை மாதம், இந்தப் படகிலிருந்து தவறி விழுந்து அவர்களுடைய கடைக்குட்டி, ஆறு வயதுப் பையன் யெல்மர், ஏரியில் மூழ்கிப் போய்விட்டான். அதைப் பற்றி அவர்களிடம் யாரும் பேசுவதில்லை. ரென்ஸ்கெயும் பேசவில்லை.

ஆன்டெனா கம்பி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, பழைய டிவியை ஒரு தடவை போட்டாள். புள்ளிப் புள்ளியாக ஒரு செய்தி வாசிப்பாளர் வந்தார். குரல் உரக்கக் கேட்டது.

பிறகு திரையின் அடியில் பச்சைக் கோடுகள் தோன்றின. ஒவ்வொன்றாக மறைந்தன. சத்தம் இறங்கிக்கொண்டே வந்து அடங்கிவிட்டது.

"பட்டன் தேஞ்சிருச்சு போல," என்றாள்.

"தேயல." வீப்ரன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது அப்படித்தான். பத்தொம்போது வருஷமா அப்படித்தான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் பயம் இல்லை. அடி வாங்கப் போகிற நாயின் முகத்தில் இருக்குமே ஒரு பணிவு, அது இருந்தது.

கேள்வி கேட்காமல் வேலையைப் பார்த்தாள். பெட்டியைக் கழற்றி இறக்கினாள். சுவரில் தாங்கியை முடுக்கி, கையகலப் பருமன்கூட இல்லாத புதுத் திரையை மாட்டினாள். கொட்டகையின் மின்சாரத்தில் இணைத்தாள். படம் பளிச்சென்று வந்தது. ஏதோ சமையல் நிகழ்ச்சி. ஒரு பெண் வெங்காயம் நறுக்கியபடி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். ரிமோட் மேஜைமேல் கிடந்தது. அதிலிருந்து இரண்டு கஜம் தள்ளி ரென்ஸ்கெ நின்றாள். வீப்ரன் வாசற்படியில் நின்றார்.

திரையின் ஓரத்தில் ஓர் எண் தோன்றியது.

இருபது.

பத்தொன்பது. பதினெட்டு.

"நீங்களா அமுக்குறீங்க?" அவள் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

ஒன்பது. எட்டு. அவசரம் இல்லாத இறக்கம். கேட்கிறவர் பொறுமையாகக் கேட்கட்டும் என்பது போல.

பூஜ்யம்.

திரையில் அந்தப் பெண்ணின் வாய் மட்டும் அசைந்தது. அப்போதுதான் ரென்ஸ்கெ அந்த இன்னொரு சத்தத்தைக் கேட்டாள். படகின் இரும்பு வயிற்றில் தண்ணீர் மோதும் சத்தம். சளப். சளப்.

படகு காய்ந்த சிமெண்டுத் தரைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

பாசி வாசனை வந்தது. வெயிலில் சூடான ஏரியின் வாசனை. கோடைகாலத்து வாசனை.

வலது பக்கம், வெளியே, கீழேயிருந்து ஒரு குழந்தைக் குரல் கேட்டது. அழுகுரல் இல்லை. விளையாட்டின் நடுவே எதற்கோ உதவி கேட்கிற குரல்.

"அப்பா."

ரென்ஸ்கெ ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு தடவதான் கூப்பிடுவான்," என்றார் வீப்ரன். "அப்புறம் கூப்பிட மாட்டான். அன்னிக்கும் ரெண்டு தடவதான்."

"வீப்ரன்..."

"டிவில சைக்கிள் பந்தயம் ஓடிட்டிருந்துச்சு. கடைசி மூணு கிலோமீட்டர். நீன்கெ ரொட்டி வாங்க ஊருக்குள்ள போயிருந்தா. முதல் தடவ கூப்பிட்டான். ஐஸ்கிரீம்தான் கேக்கறான்னு நெனச்சேன். ரெண்டாந்தடவ கூப்பிட்டப்போ..." அவர் உதடு கோணியது. "ரெண்டாந்தடவ கூப்பிட்டப்போ சத்தத்தக் கூட்டினேன்மா. போலீஸ்கிட்ட ஒண்ணும் கேக்கலன்னுட்டேன். அவகிட்டயும் அதையேதான் சொன்னேன்."

"அப்பா."

இந்த முறை குரல் இன்னும் அருகில் கேட்டது. அதில் மூச்சு வாங்கியது.

பத்தொன்பது வருஷமாக அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாத மனிதர் திடீரென்று பாய்ந்தார். பக்கவாட்டு நடைமேடையில் குப்புற விழுந்து, விளிம்புக்கு வெளியே தோள்வரை தொங்கி, இரண்டு கைகளையும் கீழே நீட்டினார். கீழே மூன்று மீட்டர் ஆழத்தில் சிமெண்டுத் தரை. ரென்ஸ்கெ ஓடிப்போய் அவருடைய இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டாள். அவர் கனத்தார். ஓர் ஆளின் கனம் மட்டும் இல்லை அது.

"வந்துட்டேன்டா! அப்பா வந்துட்டேன்டா, கைய புடி! எனக்குக் கேட்டுச்சுடா கண்ணு, அன்னிக்கும் கேட்டுச்சு! கேட்டும் வராம இருந்துட்டேன்டா!"

கொட்டகை முழுக்க எதிரொலித்தது.

பிறகு கனம் விட்டுப் போனது. தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவரைப் பின்னால் இழுத்துப் போட்டாள். அவருடைய சட்டைக் கைகள் முழங்கைவரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தன.

கீழே யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

நீன்கெ. ஒரு கையில் காப்பி பிளாஸ்க், மறு கையில் துணியில் சுற்றிய சர்க்கரை ரொட்டி. அவள் நெற்றியிலும் கன்னத்திலும் மேலிருந்து சொட்டிய தண்ணீர். அவள் அதைத் துடைக்கவில்லை.

"அன்னிக்கும் கேட்டுச்சா?" என்றாள்.

நடைமேடையில் கிடந்தபடி வீப்ரன் ஆமென்று தலையை ஆட்டினார்.

"நான் அவனத்தான் திட்டிட்டிருந்தேன், வீப்ரன். இத்தன வருஷமா. ஒரு தடவ கூப்பிட்டிருக்கக் கூடாதாடா, வாய் இல்லையாடா உனக்குன்னு. தினமும் ராத்திரி அந்தப் புள்ளயத் திட்டிட்டிருந்தேன்."

பிளாஸ்கையும் ரொட்டியையும் குனிந்து மெதுவாகத் தரையில் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள். பிறகு நடந்து வெளியே போனாள். அன்றைக்கே அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்று ரென்ஸ்கெ பிற்பாடு கேள்விப்பட்டாள்.

ஏப்ரலில் படகுகள் தண்ணீருக்கு இறங்கின. வீப்ரன் வீட்டைப் பூட்டிவிட்டு 'ஃபோர்துனா'விலேயே குடியேறினார். பேரப்பிள்ளைகள் வரவில்லை. மே மாதம் முதல் வாரம் ரென்ஸ்கெயின் போன் அடித்தது.

"டிவி பழுதாயிருச்சு. கொஞ்சம் வந்து பாரேன்."

போக அவளுக்கு மனமில்லை. ஆனாலும் போனாள். படகுத்துறைக்குள் நுழையும்போதே காது கிழிந்தது. பக்கத்துப் படகுக்காரன் ஒருவன் தலையை நீட்டி, "அந்தக் கிழவன்கிட்ட சொல்லும்மா, செத்தவனே எழுந்து வந்துருவான் போலருக்கு!" என்று கத்தினான்.

கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. எதிரே வீப்ரன் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து பல நாளாகியிருந்தது. திரையின் ஓரத்தில் நூறு என்ற எண் அசையாமல் நின்றது.

அவள் எல்லாக் கம்பிகளையும் சோதித்தாள். "ஒரு பழுதும் இல்லையே, வீப்ரன்."

"நல்லாப் பாரு."

"பார்த்துட்டேன். நல்லாத்தான் இருக்கு."

"குறையவே மாட்டேங்குது, ரென்ஸ்கெ." அவர் கண் திரையை விட்டு அகலவில்லை. "அன்னிலேருந்து குறையவே மாட்டேங்குது. யாரும் குறைக்க மாட்டேங்கறாங்க."

அவள் ரிமோட்டை எடுக்கக் கையை நீட்டினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீ வேண்டாம்," என்றார். "நீ குறைக்காத." அவர் அழுதார். அந்த அலறலில் அழுகைச் சத்தம் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் ரென்ஸ்கெ கொட்டகைப் பக்கம் வண்டியைத் திருப்பினாள். குளிர்காலத்தில் விட்டுப்போன மின்கம்பிச் சுருள் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. படகெல்லாம் போய், கொட்டகை வெறுமையாகக் கிடந்தது. தகரக் கூரையில் வெயில் காய்ந்தது. மழை பெய்து பத்து நாளாகியிருந்தது.

'ஃபோர்துனா' நின்ற இடத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு நீன்கெ உட்கார்ந்திருந்தாள்.

"நீன்கெ?"

அவள் திரும்பி, விரலை உதட்டில் வைத்தாள். அவள் முகம் அவ்வளவு சாந்தமாக இருந்து ரென்ஸ்கெ பார்த்ததே இல்லை.

"மெதுவா பேசு," என்றாள் கிசுகிசுப்பாக. "அங்க ஒரே இரைச்சல். இங்கதான் அமைதியா இருக்கு. இப்பத்தான் கண்ண மூடினான்."

ரென்ஸ்கெ ஓர் அடி பின்வாங்கினாள்.

நீன்கெயின் இடது கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது, தூங்குகிற குழந்தையின் விரல்களைப் பிடித்திருப்பதுபோல் பாதி மூடியபடி. அந்தக் கைக்குள்ளிருந்து, காய்ந்த சிமெண்டுத் தரையில், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.