காணாமல்போன கருங்காலி நட்சத்திரம்

கண்ணாடி பீரோ பூட்டியபடியே இருந்தது. உள்ளே கருங்காலி நட்சத்திரம் இல்லை.

1991, ஆயுத பூஜை நாள், காலை ஒன்பது மணி. சுங்குவார்சத்திரத்தை அடுத்த வார்ப்படத் தொழிற்சாலையில் பொரியும் பழமும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. டில்லிபாபு போட்ட கூச்சல் ஷெட்டின் மறுமுனை வரை கேட்டது.

அவன் வார்ப்புக்கான மர அச்சுகள் செய்பவன். ஆறு கருங்காலித் துண்டுகளை ஆணியோ பசையோ இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கோத்து, தேங்காய் அளவில் ஒரு நட்சத்திரம் செய்திருந்தான். வெளிப்பக்கம் கண்ணாடிபோல் வழவழப்பு. அதைப் பிரிக்கவும் கோக்கவும் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். "இதெல்லாம் ஒரு மேட்டரா? நான் பிரிச்சி மாட்டிக் காட்டுறேன்" என்று கேன்டீனில் சவால் விட்டவர் சூப்பர்வைசர் ராஜாமணி மட்டுமே. இப்படிப்பட்ட மரப் புதிர்களைத் தேடித் தேடிச் சேர்க்கும் சத்யப்பிரியா, அதை வாங்க மதியம் பெங்களூரிலிருந்து வருவதாக இருந்தது.

பீரோ சாவி பக்கத்து ஆணியிலேயே தொங்கும். காலையில் பீரோ இருந்த அறையைப் பெருக்கியவர் துப்புரவுப் பெரியவர் நாகப்பன். செக்யூரிட்டி எல்லப்பன் அவரைச் சந்தேகப்பட அது போதும்.

"ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடலாம் சார்!"

"நல்ல நாளும் அதுவுமா போலீஸெல்லாம் வேணாம்பா" என்றார் ராஜாமணி.

நாகப்பனுக்குத் தலை சுற்றியது. முதலுதவி அறையிலிருந்து நர்ஸ் லூர்தம்மாள் ஓடிவந்தாள். அவருக்குச் சோடா கொடுத்து உட்காரவைத்தாள். பிறகு டில்லிபாபுவைப் பார்த்தாள்.

"கடைசியா எப்ப பாத்தே?"

"நேத்து ஷிப்டு முடிஞ்சி போறப்ப, சிஸ்டர். அப்படியேதான் இருந்திச்சு."

"நாகப்பண்ணே, நீங்க?"

"பீரோ பக்கம் திரும்பவே இல்லம்மா. இங்கேர்ந்து ஒரு ஆணியக்கூட நான் எடுத்துக்கினு போனதில்ல."

"எல்லப்பா, கேட்டைத் தாண்டிப் போயிருக்குமா?"

"சான்ஸே இல்ல சிஸ்டர். ஒவ்வொரு பையா தொறந்து பாத்துதான் அனுப்பிச்சேன். அவ்ளோ பெரிசு கீது, எங்க மறைக்கிறது?"

"அப்போ உள்ளதான் இருக்கு."

தேடினார்கள். லாக்கர், குப்பைத்தொட்டி, கேன்டீன் அண்டா எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. ஷெட்டின் மூலையில் அரமும் உளியும் சுத்தியலும் சந்தனம் குங்குமம் பூசி, பூவால் மூடிப் பூஜைக்கு அடுக்கப்பட்டிருந்தன. எல்லப்பன் அந்தப் பக்கம் கையை நீட்டியதும் ராஜாமணி கத்தினார்.

"சாமிக்கு வச்சதத் தொடாதய்யா! காலைலருந்து நானே ஒண்ணொண்ணா அடுக்கிக்கினு கீறேன்!"

கையை வீசியவர் முகம் சுளித்தார்.

"கையக் காட்டுங்க சார்" என்றாள் லூர்தம்மாள்.

கட்டைவிரலில் ஒரு மரச் சிராய் ஆழமாக ஏறியிருந்தது.

"பேக்கிங் பொட்டிய பிரிச்சேன். குத்திக்கிச்சு."

இடுக்கியால் பிடுங்கி வெள்ளைப் பஞ்சின் மேல் வைத்தாள். கன்னங்கரேலென்று இருந்தது. பஞ்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டில்லிபாபுவிடம் போனாள்.

"நட்சத்திரத்துக்கு உள்ளயும் இழைச்சிருக்கியா?"

"இல்ல சிஸ்டர். துண்டுங்க கோக்குற காடியெல்லாம் உளி வச்சதோட சரி. இழைச்சா பிடிப்பு போய்டும்."

பத்தரை மணி. லூர்தம்மாள் எல்லோரையும் பூஜை மூலைக்கு அழைத்தாள்.

"ராஜாமணி சார், நீங்க அடுக்கினத நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க."

"இன்னாத்த?"

"ஆறு கருங்காலித் துண்டு." பஞ்சைப் பிரித்துக் காட்டினாள். "பேக்கிங் பொட்டி வெளுத்த மரம். உங்க விரல்ல ஏறினது கறுப்பு. இந்த ஷெட்டுல கருங்காலின்னா அந்த நட்சத்திரம் மட்டுந்தான். அதுவும் வெளிப்பக்கத்துல சிராய் ஏற வழியில்ல. பிரிச்சு உள்ள தடவினவங்களுக்குத்தான் ஏறும். எல்லாரும் உருண்டையா ஒண்ணைத் தேடினோம். சந்தனம் பூசின ஆறு குச்சிய யாரும் தேடல. நாங்க பார்க்காத இடம் இது ஒண்ணுதான். யாரும் தொடாம பாத்துக்கிட்டவரு நீங்க."

ராஜாமணி மெல்லக் குனிந்து, அரங்களுக்கு நடுவிலிருந்து துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"நேத்து எல்லாரும் போனப்புறம் கழட்டிப் பாத்தேன். கழண்டுக்கிச்சு. மாட்டத்தான் வரல. இருட்டுற வரைக்கும் மல்லாடினேன் சிஸ்டர். சவால் விட்டது நானு, எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்றது? பூஜை முடிஞ்சதும் டில்லி கிட்ட நைசா குடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பெரியவரப் புடிச்சிக்கினாங்க..."

ராஜாமணி நாகப்பனுக்கு முன்னால் போய் நின்றார். "தப்பு என்னுதுண்ணே. நீங்க மயங்கினப்பவே வாயத் தொறந்திருக்கணும். மன்னிச்சிடுங்க."

"போ சார்" என்றார் நாகப்பன். அதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மதியம் சத்யப்பிரியா வந்து இறங்கினார். தட்டில் கிடந்த துண்டுகளை டில்லிபாபு அவசரமாகக் கோக்கப் போனான். அவர் தடுத்தார்.

"வேணாங்க. எப்படின்னு சொல்லிடாதீங்க."

பெஞ்சில் உட்கார்ந்து மாட்டிப் பார்த்தார். காபி ஆறிப்போனது. ஒன்றும் சேரவில்லை. அவர் முகமோ மலர்ந்துகொண்டே போனது.

"இவ்வளவு நாளா எனக்கு அடங்காத ஒண்ணைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். துண்டாவே எடுத்துட்டுப் போறேன். அடுத்தது எப்போ செய்வீங்க?"



பூஜை முடிந்தது. வாசலில் பூசணிக்காய் உடைப்பது எப்போதும் சூப்பர்வைசர்தான். ராஜாமணி அதை நாகப்பன் கையில் கொடுத்தார். நாகப்பன் ஓங்கி அடித்த வேகத்தில் காய் சிதறி, ராஜாமணியின் வெள்ளைச் சட்டையெல்லாம் குங்குமமாயிற்று. ஷெட்டே விசிலடித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் ராஜாமணிதான்.