முதல் கடை துபாயில்... முதல் கொலை ஆரணியில்!

போன் அலறியது.

மதிவதனி எடுத்தாள். மறுமுனையில் தம்பி தென்னரசு.

"அக்கா! அய்யா... குடோன்ல விழுந்து கெடக்கறாருக்கா! கழுத்துல ஸ்கிப்பிங் கயிறு! அசைய மாட்டேன்றாரு!"

"இன்னாடா ஒளர்ற? அய்யா இப்பத்தான எனக்கு வாய்ஸ் அனுப்பிச்சாரு? வந்துகினு இருக்கேன்னாரேடா!"

"வந்து பாருக்கா... ஜல்தி வாக்கா..."

அழுதான்.

மதிவதனி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

ஓட்டம் ஸ்போர்ட்ஸ்!

பட்டுக்குப் பேர் போன ஆரணியில் பனியனும் ஷூவும் விற்றே பெரிய ஆளான கம்பெனி. முதலாளி இருதயசாமி. தமிழ்நாடு முழுக்கக் கடை போட்டாயிற்று. அடுத்தது வெளிநாடு. அந்த வெளிநாட்டுத் திட்டத்தை வகுக்கும் மேனேஜர்தான் நம் மதிவதனி. ஆரணிக்குப் பக்கத்துப் படவேட்டில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பெண். தம்பி தென்னரசு முதலாளியின் கார் டிரைவர். இரண்டு பேருக்கும் சோறு போட்ட மனிதர் இப்போது கழுத்தில் கயிற்றோடு கிடக்கிறார்.

"என்னாச்சு? ஏன் இப்படி முழிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

எதிர் நாற்காலியில் இருந்த அலன் கேட்டான். இருதயசாமியின் அண்ணன் மகன். திருச்சிக்காரன். பெரியவருக்குப் பிள்ளை குட்டி இல்லாததால் இரண்டு வருடத்துக்கு முன் இங்கே வந்து டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்தவன்.

சொன்னாள்.

அலனின் கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது.

"சித்தப்பா!"

அவன் போட்ட சத்தத்தில், கீழே பட்டுக் கடையில் புடவை பார்த்துக்கொண்டிருந்த கல்யாண வீட்டுக் கூட்டமே நிமிர்ந்து பார்த்தது.

*

செய்யார் ரோடு குடோன்.

அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே தரையில் சாக்பீஸ் கோடு. ஆள் இல்லை. ஓர் ஓரத்தில் கைவிலங்கோடு தென்னரசு!

"மேடம், அவனை ஏன் புடிச்சி வெச்சிருக்கீங்க?"

மதிவதனி பதறினாள்.

இன்ஸ்பெக்டர் சுபலட்சுமி திரும்பினாள். மதுரைப் பக்கத்துப் பொம்பளை. மாற்றலாகி வந்து இன்னும் வீட்டுப் பாத்திர மூட்டையைக்கூடப் பிரிக்கவில்லை.

"பாடியை வேலூருக்கு அனுப்பியாச்சு. சாயங்காலம் வரை யாரும் அங்க போகக் கூடாது. நீங்கதான் மதிவதனியா? ஒங்களுக்கு அவரு கடைசியா வாய்ஸ் மெசேஜ் அனுப்புனாராமே?"

"ஆமாங்க மேடம். பத்து மணிக்கு. வந்துகினு இருக்கேன், துபாய் பிளானை அனுப்பிடுன்னாரு. அவருக்கு டைப் பண்ண வராது. எல்லாமே வாய்ஸ்தான்."

"அப்ப பத்து மணிக்கு ஆளு உசுரோட இருந்திருக்காரு."

"ஆமாங்க."

"காலையில ஒங்க தம்பி அவரை இங்க எறக்கி விட்டுட்டு டீசல் போடப் போயிருக்கான். பத்து அடிக்கிறப்போ திரும்பி வந்து வாசல்லயே கார்ல ஒக்காந்திருந்திருக்கான். அவனே சொல்றான். அரை மணி கழிச்சு உள்ள போயிப் பாத்தேங்கறான். பத்து மணிக்கு அப்புறம் இந்தக் கேட்டுக்குள்ள வேற ஒரு ஈ காக்கா வரலை. கயித்துல இவன் ரேகை!"

"அவுத்து விடலாம்னு புடிச்சி இழுத்தேன் மேடம்!" தென்னரசு கதறினான். "அக்கா, நீயே சொல்லுக்கா!"

அக்கா என்ன சொல்வாள்?

பத்து மணிக்கு அய்யா உயிரோடு இருந்தார் என்று இப்போதுதானே வாயால் சொன்னாள்! கூடப் பிறந்தவன் கழுத்துக்குச் சுருக்கு மாட்டியது அவளேதான்.

"அவரு போனு எங்க?" சுபலட்சுமி கேட்டாள்.

யாருக்கும் தெரியவில்லை.

"இவனை ஜீப்புல ஏத்துங்க!"

*

ஆபீஸ் சாவு வீடாகியிருந்தது.

மதிய வெயில் ஜன்னலில் தீயாய்க் காய்ந்தது. சுவரில் தொங்கிய உலகப் படத்தில் கொழும்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அய்யா தன் கையால் போட்டது.

"மதிவதனி, அந்த துபாய் ஃபைலை அனுப்பிட்டீங்களா?"

அலன்! கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் கரகரப்பில்லாமல் தெளிவாக இருந்தது.

"இப்ப அதுவா சார் முக்கியம்?"

"சித்தப்பாவோட கடைசி வார்த்தைங்க அது! சிங்கப்பூர் முதலீட்டாளருங்க இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்தான் காத்துக்கிட்டு இருப்பாங்க. விட்டா போச்சு!"

ஆலோசகர் கோகுல்ராஜ் தொண்டையைக் கனைத்தார். கோயம்புத்தூர்க்காரர். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் சாய்கிற கன்சல்டன்ட்.

"அலன் சார் சொல்றது சரிதானுங்க. துபாய் மால்ல ஒரு கடை போட்டா கம்பெனி மதிப்பே வேறயாயிடுமுங்க."

"போன வாரம் கொழும்புதான் சரின்னீங்களே?"

"அது போன வாரமுங்க!"

மதிவதனிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

கொழும்புதான் என்று ஒரு வருடமாக ஒற்றைக் காலில் நின்றவர் இருதயசாமி. முதலில் கொழும்பில் சின்னக் கடை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விளையாட்டு உடுப்பு. நம் ஆட்கள் போய்ப் பேசி விற்க முடியும். அதில் காலூன்றிவிட்டு மலேசியா. துபாய் கடைசியில்தான். அங்கே மால் வாடகை ஒன்றே கம்பெனியைத் தின்றுவிடும் என்பார். அதுவும் அலன் காட்டிய துபாய் பங்குதாரர் கம்பெனி யாருடையது என்றே தெரியவில்லை. நேற்றுக்கூட அதைத் துருவித் துருவிக் கேட்டார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ராத்திரியில் மனம் மாறினாரா?

"தலை வலிக்கிது சார். மூஞ்சி கழுவிகினு வந்து அனுப்பறேன்."

எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள். போனைக் காதில் வைத்து அந்த மெசேஜை மறுபடி ஓட விட்டாள்.

அதே குரல். அதே இழுப்பு. வாக்கியத்துக்கு நடுவே அதே மூச்சு வாங்கல்.

"மதி... நான் வந்துக்கிட்டு இருக்கேன். கொழும்பு வேணாம். துபாய் பிளானை அனுப்பிடு. கேள்வி கேக்காத."

மறுபடி ஓட விட்டாள்.

"மதி... நான் வந்துக்கிட்டு இருக்கேன்..."

சட்டென்று நிறுத்தினாள்!

வந்துக்கிட்டு?

பழைய மெசேஜ்களைத் திறந்தாள். போன வாரம்... "மதி, சாப்டுகினு கீறேன், அப்பறம் பேசறேன்." அதற்கு முன்... "மழை பேஞ்சிகினு கீது, வண்டிய மெதுவா ஓட்டச் சொல்லு." ஈஸ்டர் அன்று... "கோயில்ல நின்னுகினு கீறேன்."

கினு... கினு... கினு!

ஆரணியிலேயே பிறந்து ஆரணியிலேயே வளர்ந்த மனிதர். செத்தாலும் அவர் வாயில் 'கிட்டு' வராது.

அப்படியானால் இவ்வளவு நேரம் ஏன் உறைக்கவில்லை?

அவளும் ஆரணிக்காரியாயிற்றே! குரல் அய்யாவுடையது. காது தானாகவே அதை 'வந்துகினு' என்று மாற்றிக் கேட்டுக்கொண்டது. தம்பியிடம் அப்படித்தான் சொன்னாள். போலீஸிடமும் அப்படித்தான் சொன்னாள்!

பாவி காது! தம்பியைத் தூக்குமேடை வரை கொண்டுபோய்விட்டதே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

*

"ஒரே ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டா கேஸை மாத்தச் சொல்ற?"

போலீஸ் ஸ்டேஷனில் சுபலட்சுமி புருவத்தைத் தூக்கினாள்.

"மேடம், நீங்களே இப்ப 'வச்சுக்கிட்டா'ன்னீங்க! நானா இருந்தா 'வெச்சிகினா'ன்னு கேப்பேன். அதான் மேடம் விஷயமே!"

சுபலட்சுமி பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அடி ஆத்தி! அந்த மெசேஜை நானும் நாலு தடவை கேட்டேன். எங்கூருப் பேச்சா இருக்கவும் எனக்கு வித்தியாசமே தெரியலையே!"

"இப்பல்லாம் குரலை அப்டியே காப்பி அடிக்கற ஆப் வந்துடுச்சி மேடம். அய்யாவோட பழைய வாய்ஸை ஊட்டிட்டு, என்னா டைப் பண்ணாலும் அவரு குரல்ல பேசும். ஆனா டைப் பண்றவன் பேச்சுதான வரும்?"

"ஒன் தம்பி டீசல் போடப் போன நேரத்துலயே கொலையை முடிச்சுட்டு, போனைத் தூக்கிக்கிட்டு வந்து, நாலு பேருக்கு நடுவுல ஒக்காந்துக்கிட்டு பத்து மணிக்கு அனுப்பியிருக்கான். பத்து மணிக்கு அவரு உசுரோட இருக்காருன்னு நம்ம நம்பணும். அதானே?"

"அதேதான். அந்த நேரத்துல மேஜைக்கு அடியில கைய வெச்சிகினு என் எதிர்ல ஒக்காந்துகினு இருந்தாரு... அலன் சார்!"

"ஒங்க கன்சல்டன்ட் ஒருத்தரு கோயம்புத்தூர்க்காரராமே, அவரு?"

"அவரு 'வந்துட்டு இருக்கறனுங்க'ன்னுதான் சொல்லுவாரு. எங்க ஆபீஸ்ல 'கிட்டு' போடறவரு ஒருத்தர்தான் மேடம்."

சுபலட்சுமி எழுந்து தொப்பியை மாட்டினாள்.

"கிட்டுன்னு பேசுறவனையெல்லாம் உள்ள தள்ளணும்னா மொதல்ல என்னையத்தான் தள்ளணும். கோர்ட்டுல நிக்காது. அவன் வாயாலயே வரணும். நீ ஆபீஸுக்குப் போ. ஃபைலை மட்டும் அனுப்பிடாத!"

உள்ளே கம்பிக்குப் பின்னால் தென்னரசு அக்காவையே பார்த்தான். மதிவதனியால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

*

"இன்னும் அனுப்பலையா?"

அலன் இப்போது கத்தினான். மேஜையைச் சுற்றி வந்து அவள் லேப்டாப்பைப் பிடுங்கினான். கதவைச் சாத்தினான். கோகுல்ராஜ் மெல்ல நாற்காலியோடு நகர்ந்தார்.

"பாஸ்வேர்டைச் சொல்லுங்க!"

"மாட்டேன்."

"ஒங்க தம்பி உள்ள இருக்கான். மறந்துடாதீங்க. அவனுக்கு வக்கீல் வைக்கறதா வேண்டாமாங்கறது இப்ப என் கையில இருக்கு!"

அவன் கை அவள் தோளை அழுத்தியது. விரல்கள் மெல்லக் கழுத்துப் பக்கம் நகர்ந்தன.

கதவு படாரென்று திறந்தது!

சுபலட்சுமி. பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

"கையை எடுங்க தம்பி. ஒரு நல்ல விசயம் சொல்லலாம்னு வந்தேன். இப்பத்தான் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. கேளுங்க."

போனைத் தூக்கிப் பிடித்தாள்.

கரகரவென்று ஒரு குரல். தொண்டையை நெரித்த குரல்.

"மதி... நான் கீறேன்மா. கண்ணு முழிச்சிகினேன். என் கழுத்துல கயித்தப் போட்டவன்..."

அதோடு நின்றது.

கோகுல்ராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் கிறிஸ்தவரே இல்லை!

அலன் வெளிறிப் போனான். ஒரு நொடி. பிறகு சிரித்தான்.

"யாரை ஏமாத்தப் பாக்குறீங்க? இது ஆப்ல பண்ண குரல்!"

"அப்படியா? அவரு நம்பர்ல இருந்துல்ல வந்திருக்கு?"

"பொய்! அவர் நம்பர்ல இருந்து வர சான்ஸே இல்ல! அந்த போனை நானே ஒடைச்சு நாகநதி மணல்ல..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஆனால் வார்த்தை வெளியே வந்தாயிற்று!

"பொதைச்சீங்களா? சரி தம்பி, வாங்க. எந்த எடம்னு காட்டுங்க."

விலங்கு மாட்டியதும் அலன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். துபாய் பங்குதாரர் கம்பெனியே அவன் பினாமி பெயரில் நடத்துவதுதான் என்பதும், அது தெரிந்துவிட்ட சித்தப்பா இன்று கொழும்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவனை வெளியே அனுப்ப இருந்தார் என்பதும், ஜீப்பில் ஏறுவதற்கு முன்பே வரிசையாகக் கொட்டின.

மதிவதனி நாற்காலியில் சரிந்தாள். தம்பி பிழைத்தான். ஆனால் அய்யா? அதை நினைத்ததும் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்து ஓவென்று அழுதாள்.

"மேடம்... அந்த ரெண்டாவது மெசேஜ்... குரலு அச்சு அசல் அய்யாவேதான். கினு கூட கரெக்ட்டா வந்துது. யாரு மேடம் பண்ணாங்க?"

சுபலட்சுமி கண்ணைச் சிமிட்டினாள்.

"நம்பர்தான் நான் விட்ட பொய். குரல் பொய்யில்லை."

"மேடம்?!"

"குடோன்லயே நாடி லேசா ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஆளு பொழைக்கிறது வெளிய தெரிஞ்சா, கொன்னவன் ஆஸ்பத்திரிக்கே வந்துருவான். அதான் பாடின்னேன். மத்தியானம் கண்ணு முழிச்சாரு. பின்னாடியிருந்து கயித்தைப் போட்டதால மூஞ்சியைப் பாக்கலையாம். அதான் மெசேஜைப் பாதியிலயே நிறுத்தச் சொன்னேன். இந்தா, லைன்ல இருக்காரு. பேசு!"

மதிவதனி போனைப் பிடுங்கினாள்.

"அய்யா! நல்லா கீறீங்களா அய்யா? அலன் சார்தான்ய்யா... உங்க குரல்ல 'வந்துக்கிட்டு இருக்கேன்'னு அனுப்பி மாட்டிகினாருய்யா!"

மறுமுனையில் நீண்ட இருமல். பிறகு அந்தக் கரகரக் குரல்...

"வந்துக்கிட்டா? ரெண்டு வருசமா என் கூடவே துன்னுகினு, தூங்கிகினு இருந்தும் ஆரணி பேச்சு வரல... இவன் அரபிக்காரன்கிட்ட இன்னா பேசி ஷூ விப்பானாம்?"