வெள்ளி டம்ளரில் பாதிக் காபி

"அடுத்ததாக, நம் சங்கப் பொருளாளர் செல்வி பத்மாசினி அவர்கள் நாலு வார்த்தை பேசுவார்கள்..."

மைக்கில் அறிவிப்பு வந்தது. கைதட்டல் வந்தது.

பத்மாசினி வரவில்லை.

மேடையில், பொன்னாடைக் குவியலுக்குப் பக்கத்து நாற்காலியில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

வசுந்தரா அவள் தோளைத் தொட்டாள்.

"பத்மா... எந்திரி. உன்னைத்தான் கூப்பிடறாங்க."

பத்மாசினி அப்படியே சரிந்து விழுந்தாள். அவள் மடியிலிருந்த வெள்ளி டம்ளர் உருண்டு மேடை ஓரம் வரை ஓடியது.

வாயோரம் நுரை!

1983. கோரிப்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபம். செல்லூர்ப் பெண்களுக்கு இலவசத் தையல் மிஷின் வழங்கும் விழா. நடத்தியது வைகை மாதர் நலச் சங்கம். அதன் செயலாளர் வசுந்தரா. சங்கத்துப் பெண்கள் அலறியடித்துக் கொண்டு ஓட, சந்தனம் பூசிய மிஷின்கள் மட்டும் வரிசை கலையாமல் நின்றன.

வசுந்தராவின் கணவர் ஜனகராஜுக்கு மேலூருக்கு டெலிபோன் பறந்தது. சுங்குடிச் சேலை வியாபாரி. மதுரையில் எந்த விழா என்றாலும் முன்வரிசையில் அவர் இருப்பார். அன்று மேலூரில் கண் சிகிச்சை முகாம். அங்கே தலைமை தாங்கப் போயிருந்தார்.

மேடையில ஒருத்தங்க இறந்துட்டாங்க, உடனே வாங்க... போனில் சொன்னது அவ்வளவுதான்.

அம்பாஸடரில் வந்து இறங்கினார். வாசலில் நின்ற வசுந்தராவைப் பார்த்தார். பேச்சே வரவில்லை அவருக்கு. உள்ளே ஓடினார். பத்மாசினியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

எவ்வளவு இளகிய மனசு இவருக்கு என்று நினைத்துக்கொண்டாள் வசுந்தரா. பாவம் அவள்.

போலீஸ் ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டர் நல்லகாமன் எதிரே உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் வசுந்தராவைப் பயமுறுத்தியது.

"டம்ளர் யாரோடதும்மா?"

"என்னோடது. வெளியில எங்க போனாலும் என் டம்ளர்லதான் குடிப்பேன். எங்க வீட்டுப் பழக்கம் அப்படி."

"காபி?"

"அதுவும் எனக்கு ஊத்தினதுதான். கூட்டம் ஜாஸ்தி, பத்மா வர்றதுக்குள்ள காபி தீர்ந்து போச்சு. நான் பாதி குடிச்சுட்டு மீதியை அவகிட்ட குடுத்தேன்."

"சொந்த டம்ளரை அடுத்தவுகளுக்குக் குடுப்பீகளா?"

"அவளுக்கு மட்டும் குடுப்பேன். கூடப் பிறந்த தங்கச்சி மாதிரி சார் அவ."

நல்லகாமன் மீசையைத் தடவினார்.

"அந்தத் தங்கச்சியைத் தீர்த்தது சயனைடு. நீங்க குடிச்சீக, ஒண்ணும் ஆகல. அதே டம்ளர்ல அந்தப் பொண்ணு குடிச்சுச்சு, போயிருச்சு. நடுவுல டம்ளர் இருந்தது உங்க கையில. நானூறு பேர் பார்த்துருக்காக... நான் யாரைம்மா அரெஸ்ட் பண்றது?"

வசுந்தரா தன் கைகளைப் பார்த்தாள். மாலை போட்ட கைகளுக்கு விலங்கு போடப் போகிறார்கள்!

"எனக்குத் தெரியல சார். சத்தியமா தெரியல."

"பேயாண்டி... அம்மாவுக்கு ஒரு காபி சொல்லு."

கான்ஸ்டபிள் பேயாண்டி எதிர்க் கடையிலிருந்து கண்ணாடி கிளாஸில் காபி கொண்டுவந்தார். வசுந்தரா வாங்கினாள். தலையை அண்ணாந்தாள். கிளாஸ் உதட்டில் படாமல், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், காபி நேராகத் தொண்டைக்குள் இறங்கியது.

எழுதிக்கொண்டிருந்த நல்லகாமன் பேனாவைக் கீழே வைத்தார்.

"இன்னொரு வாய் குடிங்க."

குடித்தாள். அதே மாதிரி.

"எப்பவும் அண்ணாந்துதான் குடிப்பீகளா?"

"சின்னப் பிள்ளையிலேருந்தே அப்படித்தான். எச்சில் படாதே, அதனாலதான் மீதியைப் பத்மாவுக்குக் குடுத்தேன்."

"அந்தப் பொண்ணு?"

"அவ வாய் வச்சுத்தான் குடிப்பா. எத்தனை தடவை திட்டியிருக்கேன்."

நல்லகாமன் எழுந்தே விட்டார்.

"பேயாண்டி, லேபுக்கு போன் போடு. டம்ளருக்கு உள்ள பார்த்தது போதும், வெளிப்பக்கம் விளிம்பைப் பார்க்கச் சொல்லு. கீழுதடு படுற இடம்."

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது.

விளிம்புக்கு வெளியே, மடிப்புக்கு அடியில்... சயனைடு!

"விஷம் வச்சது உங்களுக்கும்மா" என்றார் நல்லகாமன். "உதடு வச்சிருந்தா நீங்க போயிருப்பீக. டம்ளர் எங்க இருந்துச்சு?"

"வீட்டுல. பூஜை அலமாரியில."

"வீட்டுல யாரு யாரு?"

"நானும் அவரும்தான்."

"நேத்து டம்ளரை எடுத்துப் பையில வச்சது?"

"அவர்தான்... நான் மறந்துடுவேன்னு துடைச்சு எடுத்து வச்சுக் குடுத்தார்." சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. பதினோரு வருஷத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில்தான் நேற்று மல்லிகை கூட வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

நல்லகாமன் அவளையே பார்த்தார்.

"இல்ல சார். அவரா இருக்காது." வசுந்தரா நிமிர்ந்தாள். "நான் அண்ணாந்து குடிக்கிறது சங்கத்துல எல்லாருக்கும் தெரியும். கட்டின புருஷனுக்குத் தெரியாதா? என்னைக் கொல்ல நினைக்கிறவர் என் உதடே படாத இடத்துல எதுக்கு விஷம் வைக்கணும்?"

நியாயமான கேள்வி. வக்கீல் கூட இதைவிட நன்றாகக் கேட்டிருக்க மாட்டார்.

"சரிம்மா. அவருக்குத் தெரிஞ்சிருந்தா அவர் பண்ணல. நான் ஒத்துக்கிடுறேன்" என்றார் நல்லகாமன். "தெரியுமான்னு கேட்டுருவோம்."

தெரிந்திருக்க வேண்டுமே என்று வழியெல்லாம் மீனாட்சியை வேண்டிக்கொண்டே போனாள் வசுந்தரா.

அதே மண்டபம். அதே மேடை. இப்போது இரங்கல் கூட்டம்.

மைக்கில் ஜனகராஜ். "பத்மாசினி இந்த ஊருக்கே ஒரு விளக்கு..." அதற்குமேல் முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டார். முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

கூட்டம் முடிந்து எல்லோருக்கும் காபி வந்தது. மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் ஜனகராஜ், வசுந்தரா, நல்லகாமன், பேயாண்டி.

"ஐயா, சும்மா ஒரு சந்தேகம்" என்றார் நல்லகாமன். "உங்க வீட்டம்மா காபி எப்படிக் குடிப்பாக?"

ஜனகராஜ் புருவத்தைச் சுருக்கினார்.

"எப்படின்னா? டிகாஷன் கொஞ்சம் தூக்கலா."

"அதைக் கேக்கல. குடிக்கிற விதம்."

"இதென்ன கேள்வி சார். எல்லாரும் குடிக்கிற மாதிரி வாய் வச்சுத்தான் குடிப்பா."

வசுந்தராவுக்குள் ஏதோ ஒன்று அறுந்து விழுந்தது.

அவள் அழவில்லை. தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தாள். கணவருக்கு நேர் எதிரே போய் நின்றாள். அண்ணாந்தாள். நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும், உதடு படாமல் குடித்தாள்.

ஜனகராஜ் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் வெளுத்தது. நெற்றியில் வேர்த்தது.

"சங்கத்து வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்ங்க" என்றாள் வசுந்தரா. "பதினோரு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் காபி குடிக்கிறதை நீங்க பார்த்ததில்லையா?"

ஊரெல்லாம் விழாவுக்குப் போய் யார் யாருடனோ காபி குடித்த மனிதர்.

"அவளுக்கு ஏன்டி குடுத்த?"

கேட்டது ஜனகராஜ். குரல் உடைந்து போயிருந்தது.

"உனக்குன்னு வச்சதை அவளுக்கு ஏன்டி குடுத்த? ஆவணியில அவளைக் கட்டிக்கிறேன்னு வாக்குக் குடுத்திருந்தேன்..."

பேயாண்டி மெல்ல நகர்ந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

அந்த அழுகை... அந்தத் தலையில் அடித்துக்கொண்ட அழுகை... எதுவும் இரக்கம் இல்லை! வசுந்தராவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் டம்ளரில் குடித்த ஒரே சிநேகிதி, தன் வீட்டையும் பங்கு போட்டிருக்கிறாள்.

"விஷம் வச்சது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உன்னை விவாகரத்துப் பண்ணப் போறேன்னுதான் சொல்லியிருந்தேன்."

"மத்ததெல்லாம் தெரியும்?"

ஜனகராஜ் தலையைக் குனிந்துகொண்டார். போதும், அந்தப் பதில் போதும்.

"என்னைக் கொல்லப் பார்த்ததைக்கூட ஒரு நாள் மறந்துருவேன்" என்றாள் வசுந்தரா. "நான் எப்படி இருக்கேன்னு ஒரு தடவைகூடப் பார்க்காம குடும்பம் நடத்துனீங்க பாருங்க... அதை மறக்க மாட்டேன். கூட்டிட்டுப் போங்க சார்."

ஜனகராஜை ஜீப்பில் ஏற்றினார்கள். இரங்கல் கூட்டத்துக்கு வந்தவர்கள் காபி டம்ளரும் கையுமாக வாயைப் பிளந்து நின்றார்கள்.

பேயாண்டி ஜீப்பில் ஏறவில்லை. யோசனையாக நின்றார்.

"என்னய்யா?" என்றார் நல்லகாமன்.

"இல்லங்கய்யா... எங்க வீட்டுல முத்துத்தாய் எப்படிக் குடிப்பான்னு நெனச்சுப் பார்க்கேன். இருபது வருஷமாச்சு, ஒண்ணும் ஞாபகம் வரல."

நல்லகாமன் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.

"ஒரு வாரம் லீவு தாரேன், போய்ப் பாருய்யா. அவ எந்தக் கோவத்துல இருக்காளோ, அதுவரைக்கும் அவ ஊத்தித் தர்றதை நீ குடிக்காத."