செம்பு வாசனை

நடையில் காசு வாசனை அடித்தது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழைக்காலம். காயாத துணியும் சுவரில் ஊறிய ஈரமும் அடுப்பில் பொங்கி வழிந்த பாலும் சேர்ந்து வீட்டுக்குள் ஏதேதோ வாசனை கிளப்புகிற பருவம். மடித்த துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் அறைக்குப் போனவள், அப்பாவின் காசு அறையைத் தாண்டும்போதுதான் நின்றாள். வியர்த்த கைக்குள் வெகுநேரம் பொத்தி வைத்திருந்த செம்புக்காசின் வாசனை. பல் கூசவைத்து, நாக்குக்கு அடியில் எச்சில் ஊறவைக்கிற அந்த வாசனை, பூட்டிய இரும்புக் கதவிலிருந்து மெல்லிய நூல்போல வந்துகொண்டிருந்தது.

வரக்கூடாது.

"காசுக்கு வாசனையே கிடையாது. அது நம்ம தோலோட வாசனை. வெறுங்கை பட்டாத்தான் வரும்" என்று அப்பா சொல்லுவார். கையுறை போட்டு, விளிம்பை மட்டும் பிடித்து எடுத்தால், பீரோ நிறையக் காசு இருக்கிற அறையிலும் மரவாசனைதான் அடிக்கும். இத்தனை வருஷமும் அப்படித்தான் அடித்தது. இப்போது அந்த அறைக்குள் யாரோ வெறுங்கையால் காசுகளைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறைக்குச் சாவி ஒன்றுதான். அது அண்ணனின் சட்டைப்பையில் இருந்தது. அண்ணனும் அண்ணியும் விமான நிலையத்துக்குப் போயிருந்தார்கள்.

அப்பா கடிகாரம் பழுது பார்ப்பவர். தெருவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். சாப்பிடும்போதுகூட அதை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பார். சம்பாதித்ததையெல்லாம் பழைய காசுகளில் போட்டார். பச்சைத் துணி ஒட்டிய ஆழமில்லாத இழுப்பறைகள், ஒவ்வொரு காசுக்கும் ஒரு வட்டக் குழி. எல்லாவற்றுக்கும் ராஜா கப்பல் காசு. செம்பு. அச்சு நழுவிப்போய் ஒரே கப்பல் இரண்டு தடவை விழுந்த காசு. ஒன்று நிமிர்ந்து போகும், இன்னொன்று அதன் மேல் கவிழ்ந்து கிடக்கும். "அடிச்சவன் தூங்கி வழிஞ்சிருக்கான். அந்தத் தூக்கத்துக்குத்தான் இவ்வளவு விலை" என்று அப்பா சிரிப்பார்.

கடைசி வருஷத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஜன்னல்களை ஆணி வைத்து அறைந்தார். யார் வீட்டைவிட்டுப் போனாலும் வாசலில் நிறுத்தி, "கையைக் காட்டு" என்பார். இரண்டு உள்ளங்கையையும் பிடித்து மோந்து பார்ப்பார். செம்பு வாசனை வந்தால் திருடன். பார்க்க வந்த டாக்டரின் கையையும் விடவில்லை. டாக்டர் சிரித்துவிட்டுப் போனார், அப்புறம் வரவில்லை. வந்துபோகிறவர்களுக்கு என்றைக்கோ ஒரு நாள். அவளுக்குத் தினமும். சாயங்காலம் வீட்டு வேலை முடிந்ததும் அவர்முன் நின்று கைகளை நீட்ட வேண்டும். சில்லென்ற மூக்கு நுனி உள்ளங்கையில் படும். நீளமாக மூச்சை உள்ளே இழுப்பார். இழுத்ததை நெஞ்சுக்குள் கொஞ்சநேரம் வைத்திருப்பார். அப்புறம் விடுவார். "சரி, போ." அவர் மூச்சை விட்டால்தான் அவளும் மூச்சு விடுவாள்.

மழைக்கு முன்னால் ஒருநாள் அந்த அறைக்குள்ளேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடி செத்துப்போயிருந்தார். கப்பல் காசு, கையுறை போடாத வலது கைப்பிடிக்குள் இருந்தது. விரல்கள் விறைத்துவிட்டன. அண்ணன் கரண்டிக் காம்பை உள்ளே நுழைத்து நெம்பினான். அவள்தான் டார்ச் பிடித்தாள். இரண்டு விரல்கள், காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி, பின்பக்கமாக மடங்கின. அன்றைக்கே அவருடைய உடைகளையும் வெள்ளைக் கையுறைகளையும் மூட்டை கட்டிக் குப்பையில் போட்டான் அண்ணன்.

காசில் மட்டும் அப்பாவின் கட்டைவிரல் ரேகை ஒட்டிக்கொண்டது. கடிகாரச் சுருள் அறுத்த தழும்பு குறுக்கே ஓடுகிற ரேகை. நாளாக ஆகச் செம்பில் அது கறுத்துக்கொண்டே வந்தது. துடைக்க வழியில்லை. பழைய காசைத் தேய்த்துக் கழுவினால் அதன் மதிப்பே போய்விடும்.

"ரேகையோடவே வாங்கிக்கறேன்னுட்டாரு" என்று மதியம் அண்ணன் சொன்னான். வாங்குகிறவர் இன்றைக்கு விமானத்தில் வருகிறார். நாளைக் காலையில் எல்லாம் கைமாறிவிடும். அவளுடைய பங்கை அவளிடமே தருவதாக அண்ணன் சொல்லியிருந்தான். அதை வைத்து எங்கேயாவது ஒரு அறை. திறக்கிற ஜன்னல் உள்ள அறை. அவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரு காசு குறைந்தாலும் வியாபாரம் இல்லை என்று வருகிறவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"யாரு கூப்பிட்டாலும் கதவைத் திறக்காதே" என்றான் அண்ணன்.

"சரி."

"அப்பாவே வந்து கூப்பிட்டாலும் திறக்காதே."

"போற நேரத்துல என்ன பேச்சு இது?" என்று அண்ணி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு தான் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி இவளுக்கு மாட்டிவிட்டாள். "குளிருது பாரு. நாங்க வர்ற வரைக்கும் கழட்டவே கூடாது, என்ன?"

"சமைக்கும்போது வேர்க்குமே அண்ணி."

"வேர்க்கட்டும். ஒரு நாளைக்கு உருகிட மாட்டே."

அண்ணி என்றைக்கும் இவ்வளவு கரிசனம் காட்டியதில்லை. அண்ணன் வாசல் கதவை வெளியே பூட்டுகிற சத்தம் கேட்டது.

"உள்ள ஆளை வெச்சுப் பூட்றீங்களே! உங்கப்பாவையே தூக்கிச் சாப்பிட்டுடுவீங்க போல."

"அவ இளகின மனசுக்காரி. எவனாவது தண்ணி கேட்டா திறந்து விட்ருவா. வா, நேரமாச்சு."

இப்போது மழை வலுத்திருந்தது. துணிகளைக் கட்டிலில் வைத்துவிட்டு அவள் திரும்ப நடைக்கு வந்தாள். வாசனை கூடியிருந்தது. இரும்புக் கதவில் காதை வைத்தாள். கதவு சில்லென்றிருந்தது. கூரையில் மழை, எங்கோ குழாயில் தண்ணீர் இறங்கும் களகளப்பு, தன் காதுக்குள் தன்னுடைய ரத்தம் அடிக்கிற சத்தம், இவை எல்லாவற்றுக்கும் அடியில், மரத்தோடு மரம் உரசுகிற மெல்லிய சத்தம் ஒன்று. இழுப்பறை திறக்கிறது. கொஞ்சம் இடைவெளி. மூடுகிறது. அடுத்தது திறக்கிறது.

திருடன் என்றுதான் நினைத்தாள். அப்படி நினைத்தபோது ஒரு விதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது.

அறைக்குள் அண்ணன் வைத்த கேமராவை அவள் போனிலும் பார்க்கலாம். பார்த்தாள். சாம்பல் நிறத்தில் அறை. பீரோ. அப்பாவின் நாற்காலி. ஆள் இல்லை. நடு வரிசையில் ஓர் இழுப்பறை மட்டும் வெளியே நீண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குழியில் கிடந்த காசு ஒன்று, தூக்கத்தில் ஆள் புரண்டு படுக்கிற மாதிரி, மெதுவாகப் புரண்டு படுத்தது. பிறகு பக்கத்துக் காசு. பிறகு அதற்குப் பக்கத்துக் காசு. வரிசை முடிந்ததும் இழுப்பறை உள்ளே போனது. அடித்து மூடவில்லை. கடைசி விரற்கடையில் நின்று, பிறகு பட்டும் படாமலும் பொருந்தியது. அப்படி மூடுகிறவர் இந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார்.

அண்ணனைக் கூப்பிட்டாள்.

"ரூம்ல யாரோ இருக்காங்க அண்ணா."

"யாரு இருப்பா? எலியா இருக்கும்."

"எலி டிராயரைத் திறக்குமா? உன் போன்ல பாரு."

கார் ஹாரன் சத்தங்கள். அண்ணி ஏதோ கேட்டாள். திரையில் விரல் தட்டுகிற சத்தம்.

"அண்ணா?"

"இரு... பயப்படாதே. எவனா இருந்தாலும் அவன் தேடறது அங்க இல்ல."

"என்ன இல்ல?"

"கப்பல் காசு. காகித உறையில போட்டு உன் கம்பளிச் சட்டை ஓரத்துல தெச்சு வெச்சிருக்கா உங்கண்ணி. எந்தத் திருடனுக்கும் தோணாதுல்ல? அதைக் கழட்டாம ஒரு மூலையில உக்காரு. நாங்க பாதி வழி வந்தாச்சு. வாங்கறவரும் கூடத்தான் இருக்காரு, சத்தமா பேச முடியல. ரோடெல்லாம் தண்ணி..."

குரல் விட்டுவிட்டு வந்தது. பிறகு வரவில்லை.

அவள் சட்டையின் ஓரத்தைத் தடவினாள். இடுப்புக்குக் கீழே, தையலுக்குள், வட்டமாக ஒன்று. மதியத்திலிருந்து அவள் மேலேயே இருந்திருக்கிறது. அவளுடைய சூட்டிலேயே சூடாகியிருந்தது.

கதவுக்குப் பின்னால் கீழ்வரிசை இழுப்பறை திறந்தது. அதற்குக் கீழே வரிசை இல்லை.

திருடன் என்றால் கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு போவான். இங்கே ஒன்றும் குறையவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, முகம் பார்த்து, திரும்ப அதனதன் குழியில் வைத்துக்கொண்டிருந்தது. தேடியது ஒன்றைத்தான். அதுவும் வெறுங்கையால். ஏன் வெறுங்கையால் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்பாவிடம் கையுறை இல்லை.

திருப்பிக் கொடுத்துவிடலாம். வியாபாரம் போகட்டும். ஜன்னல் வேண்டாம். அறை வேண்டாம். மண்டியிட்டு உட்கார்ந்து தையலைப் பல்லால் கடித்து இழுத்தாள். நூல் அறுந்தது. உறை கிழிந்தது. காசு தரையில் விழுந்து நடையோரம் உருண்டு ஓடியது. பாய்ந்து எடுத்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து, விளிம்பை அல்ல, முகத்தையே பிடித்து எடுத்தாள். பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். கறுத்த ரேகை அவள் விரலுக்கு அடியில் லேசாக மேடு தட்டியது.

கதவின் அடியில் எறும்பு நுழைகிற இடுக்குகூட இல்லாமல் அண்ணன் ரப்பர் பட்டை அடித்திருந்தான். காசை அதில் வைத்து அழுத்தினாள். போகவில்லை. நகம் மடங்கும்வரை அழுத்தினாள்.

"இந்தாங்கப்பா. எடுத்துக்கோங்க. நான் எடுக்கலப்பா. நான் எடுக்கல."

உள்ளே சத்தம் நின்றது.

பிறகு காசு அவள் விரலிலிருந்து நழுவியது. அவள் தள்ளவில்லை. உள்ளேயிருந்து இழுக்கப்பட்டு, ரப்பரை நெளித்துக்கொண்டு, சர்ரென்று போயிற்று.

அமைதி. நாற்காலி தரையில் உராய்ந்தது. அமைதி.

முடிந்தது என்று நினைத்தாள். சுவரில் சாய்ந்து அழுதாள். அழுதபடியே முகத்தைத் துடைக்கக் கையை உயர்த்தினாள். வாசனை.

இப்போது அது கதவிலிருந்து வரவில்லை. அவள் கையிலிருந்து வந்தது.

குளியலறைக்கு ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். சோப்பு. தேய்த்தாள். மோந்தாள். செம்பு. துணி சோப்பு. தேய்த்தாள். நகக்கண்ணில் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்து எரிந்தது. செம்பு. வாசலை நினைத்தாள். வாசல் வெளியே பூட்டியிருக்கிறது. ஜன்னல்களை நினைத்தாள். ஆணி.

போனை எடுத்துப் பார்த்தாள். சாம்பல் அறை. இழுப்பறைகள் எல்லாம் ஒழுங்காக மூடியிருந்தன. மேசையில் கப்பல் காசு. நாற்காலி பின்னால் நகர்ந்து காலியாக இருந்தது. அதற்கும் பின்னால் இரும்புக் கதவு.

திறந்திருந்தது.

பூட்டு திறக்கிற சத்தம் அவளுக்குக் கேட்கவே இல்லை.

விளக்கு அணைந்தது. போன் வெளிச்சமும் போயிற்று. இருட்டில் மழை மட்டும். நடையில் செருப்பில்லாத கால். ஒரு காலை வைத்து, இன்னொரு காலை இழுத்து. அப்பா கால் இழுத்து நடக்கிற அந்த நடை அவளுக்குத் தெரியும். குளியலறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றது. தாழ்ப்பாளைத் தொடவில்லை. தட்டவில்லை. கூப்பிடவில்லை.

ஆனால் காசு அறையின் மரவாசனை அடித்தது. குளியலறைக்குள்ளேயே. பக்கத்திலேயே.

கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். சுவரோடு சுவராக ஒட்டினாள். கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே இருட்டு. தூரத்தில், தெருமுனையில், கார் திரும்புகிற சத்தம். அண்ணன். அண்ணன்தான். இன்னும் கொஞ்சநேரம்.

"கையைக் காட்டு."

காட்டக்கூடாது. காட்டக்கூடாது என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே, தினமும் சாயங்காலம் நீண்ட கைகள், பழக்கத்தில், தாமாகவே முன்னால் நீண்டன. உள்ளங்கைகள் மேலே பார்த்து.

மணிக்கட்டை விரல்கள் பற்றின. அவற்றில் இரண்டு பின்பக்கமாக மடங்கியிருந்தன.

சில்லென்ற மூக்கு நுனி உள்ளங்கையில் பட்டது. நீளமாக ஒரு மூச்சு உள்ளே போயிற்று.

வாசலில் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. அண்ணி சிரித்துக்கொண்டே யாரையோ உள்ளே வரச்சொன்னாள். அவள் கத்தவில்லை. இருட்டில் கைகளை நீட்டியபடியே, அந்த மூச்சு வெளியே வருவதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

அது வரவில்லை.