இருநூற்று இருபது கிராம்

செங்கமலம் இறந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. வீட்டில் இல்லை என்றுதான் சொன்னார்கள். சொன்ன நேரத்தில் அவள் வீட்டில்தான் இருந்தாள். பீர்க்கங்காய்த் தோலை வாணலியில் போட்டுத் துவையலுக்கு வதக்கிக்கொண்டிருந்தாள்.

வாசல் கதவில் பதித்திருந்த ஆளறிப் பட்டை காலை ஒன்பது மணிக்குப் பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறியது. ‘இவ்வீட்டில் ஆள் இல்லை. பதினைந்து நாட்களில் இவ்வீடு நெரிசலில் வாழும் குடும்பத்துக்கு வழங்கப்படும். தங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ ஆளே இல்லாத வீட்டில் சிரமம் யாருக்கு என்று பட்டை சொல்லவில்லை.

அவள் தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“டேய் வேங்கடம், நான் வீட்டுல இல்லையாம்டா.”

“எங்கக்கா போயிருக்கே?”

“அடுப்படியில நிக்கிறேன்டா, எருமை!”

அக்கா அறிவிப்பைப் படித்துக் காட்டத் தொடங்கியதுமே திருவேங்கடம் மீதியைத் தானே சொல்லி முடித்தார். அந்த அறிவிப்பின் ஒவ்வொரு சொல்லும் அவருக்கு மனப்பாடம். எழுதியவரே அவர்தான். ‘வருந்துகிறோம்’ என்பதைச் சேர்க்கச் சொல்லி இரண்டு கூட்டங்களில் வாதாடியவரும் அவர்தான். கொஞ்சமாவது மனிதாபிமானம் வேண்டாமா என்று கேட்டார் அன்று.

நகரத்தில் எல்லா அடுப்படியிலும் ஓர் எச்சப்பெட்டி இருந்தது. உள்ளே கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள். மக்கள் செல்லமாகச் ‘சிப்பாய்கள்’ என்பார்கள். காய்த்தோல், ஊசிப்போன குழம்பு, காய்ந்த சப்பாத்தி, எதைப் போட்டாலும் ஒரே நாளில் தின்று முடிக்கும். தின்று கொழுத்த புழு கறுத்துப்போய், யாரும் சொல்லாமலே சரிவுப் பலகையில் ஏறி மறுபக்கத்து வாளியில் விழும். வாளி மீன் பண்ணைக்கும் கோழிப் பண்ணைக்கும் போகும். நாற்றம் இல்லை, குப்பை லாரி இல்லை. மலைபோல் குப்பை கிடந்த சதுப்பில் இப்போது நாரை நிற்கிறது. இதுவரைக்கும் யாரும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

குறை, திருவேங்கடம் எச்ச வாரியத்தில் பொறியாளராக இருந்தபோது அவர் மூளையில் உதித்தது. அப்போது பாலத்துக்கு அடியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிடந்தன. இன்னொரு பக்கம், அடுக்குமாடி வீடுகளை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, ஆள் இருப்பதாகக் காட்ட விளக்கைத் தானாக எரியவிட்டும் குழாயைச் சொட்டவிட்டும் ஏமாற்றினார்கள். “மின்சாரம் பொய் சொல்லும், தண்ணீர் பொய் சொல்லும். புழு சொல்லாது. மனிதன் இருந்தால் மிச்சம் இருக்கும்” என்றார் அவர் கூட்டத்தில். கைதட்டினார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு இருநூற்று இருபது கிராம் எச்சம். பெட்டி எடைபோடும், மாதச் சராசரியை வகுக்கும், வீட்டில் எத்தனை பேர் என்று வாரியத்துக்குச் சொல்லிவிடும். முதல் வருடமே நாலாயிரம் பூட்டிய வீடுகள் திறந்தன. குடியேறிய ஒரு குடும்பம் தங்கள் பெண் குழந்தைக்குத் திருவேங்கடம் என்றே பெயர் வைத்தது. பாவம், அந்தக் குழந்தை என்ன செய்யும்?

அவர் பேருந்து பிடித்து அக்கா வீட்டுக்குப் போனபோது துவையல் அரைத்து முடிந்திருந்தது. அக்கா எச்சப்பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினாள். அடியில் பத்துப் பதினைந்து சிப்பாய்கள் வாடிப்போய்க் கிடந்தன.

“முப்பது கிராம்தான் விழுது அக்கா. முப்பதை இருநூத்தி இருபதால வகுத்தா பூஜ்யத்துக்கு மேல ஏதோ சில்லறை வரும். பாதிக்குக் கீழே வந்தா பூஜ்யம்னு எடுத்துக்கும்.”

“உங்க மாமா இருந்தவரைக்கும் முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலைன்னு தட்டு ஓரமா ஒதுக்கி வைப்பாரு. அதையும் ஏன் வீணாக்கறீங்கன்னு சண்டை போடுவேன். அவர் ஒதுக்கி வச்சதுலதான்டா நான் இத்தனை வருஷம் உயிரோட இருந்திருக்கேன்.”

திருவேங்கடம் கையை நீட்டினார். கையில் ஒரு பொட்டலம் இருந்தது. முந்தின நாள் மிஞ்சிய பிரியாணி.

“ஒரு மாசம் மட்டும்… கொஞ்சம் சோத்தை…”

“சோத்தை?”

“பெட்டியில கொட்டினா…”

அக்கா பொட்டலத்தைப் பிடுங்கிக் குளிர்பெட்டியில் வைத்தாள். “நாளைக்குச் சூடு பண்ணித் தரேன், தின்னு. ஆமா, யாருடா அந்த இருநூத்தி இருபது?”

“சராசரி அக்கா.”

“யாரோட சராசரி?”

அந்த அளவை முடிவு செய்த நாள் அவருக்கு நினைவுக்கு வந்தது. கணக்கெடுப்பு வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். கூட்டமோ அன்று காலை பத்து மணிக்கு. கல்யாணம் செய்துகொள்ளாமல் ஓட்டல் பொட்டலங்களை நம்பி வாழ்ந்த திருவேங்கடம், தன் பெட்டியில் அன்று விழுந்ததை எடைபோட்டுப் பார்த்தார். ஒன்றரைப் பரோட்டா, சால்னா, வாழைப்பழத் தோல். இருநூற்று இருபது. அதையே எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு வந்த கணக்கெடுப்பும் ஏறக்குறைய அதையே சொன்னது. சொல்லாத வீடுகளைத் தரவுப் பிழை என்று நீக்கிவிட்டார்கள்.

“என்னோடதுதான்” என்றார் கடைசியில்.

“அப்போ மனுஷன்னா நீ வீணாக்கற அளவு. உன்னை மாதிரி கொட்டலைன்னா நான் மனுஷியே இல்லை.”

“வீட்டைப் பூட்டி வச்சிருக்கறவனைப் பிடிக்கத்தான் அக்கா…”

“அதுக்குக் கதவைத் தட்டிப் பாக்கறது. உள்ள யாருன்னு கேக்கறது. எதுக்குடா புழு?”

“மூணு லட்சம் வீடுக்கா. எத்தனை கதவைத் தட்ட முடியும்?”

“மூணு லட்சம் வீட்டுக்கும் பெட்டியைத் தூக்கிட்டுப் போனீங்களே. அப்போ தட்டித்தானே போனீங்க?”

ஜன்னல் கம்பியில் ஒரு கறுப்பு ஈ உட்கார்ந்திருந்தது. பெட்டியிலிருந்து தப்பி, கூடுடைத்து வந்தது. அக்கா கரண்டியால் அதைக் காட்டினாள். “ஈ ஆனப்புறம் இது எதையும் தின்னாதுன்னு நீதானே பெருமையாச் சொன்னே? தின்னாது, மிச்சம் வைக்காது. அப்போ இது இருக்கா, இல்லியா? உன் கணக்கைப் பாத்துச் சொல்லு.”

மறுநாள் இருவரும் எச்ச வாரியத்துக்குப் போனார்கள். திருவேங்கடம் ஓய்வு பெற்ற பிறகு அங்கே குறை கேட்க மனிதர்கள் இல்லை. ‘ஆராய்ச்சிமணி’ என்ற பேசும் பொறிதான் இருந்தது. இருபது வருடக் கோப்புகளைப் படித்துப் பேசப் பழகிய பொறி. கோப்புகளில் பாதி திருவேங்கடம் எழுதியவை.

வரிசை வாசலைத் தாண்டிப் போயிற்று. முன்னால் கையில் சிமெண்ட் காயாத ஓர் ஆள், மனைவி, நாலு பிள்ளைகள். “எங்க வூடும் சாம்பலாயிடுச்சு சார்” என்றான். “ஆறு பேர் இருக்கோம். மிச்சம் வைக்கலைன்னு எழுதியிருக்கு. மிச்சம் வைக்கணும்னா முதல்ல சோறு பத்தணுமில்ல?”

அவனுக்குப் பின்னாலும் முன்னாலும் நின்றவர்களைத் திருவேங்கடம் பார்த்தார். வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு வெளியூரில் இருக்கும் முகம் ஒன்றுகூட இல்லை.

அக்காவின் முறை வந்தது.

“விண்ணப்பதாரர் வீட்டில் இல்லாதவர்” என்றது ஆராய்ச்சிமணி, இனிமையாக. “இல்லாதவரின் விண்ணப்பத்தை ஏற்க விதியில் இடமில்லை.”

“இதோ என் பக்கத்துல நிக்கிறாங்களே!”

“ஆம். வீட்டில் இல்லாததால்தான் இங்கே நிற்கிறார்.”

“யோவ், அந்த விதியை எழுதினவனே நான்தான்யா!”

“தங்கள் உணர்வு பரிவுடன் குறித்துக்கொள்ளப்பட்டது.”

அதுவும் அவருடைய வாக்கியம். கோபமாக வருபவர்களைச் சமாளிக்க அவரே கண்டுபிடித்தது. எதிரில் நின்று கேட்கும்போது அது எப்படி அறையும் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பொறியை ஓங்கிக் குத்தினார். வலித்தது அவருக்குத்தான். அக்கா முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அவர் விரலில் சுற்றினாள். “கை உடைஞ்சா யாருடா உனக்குப் பிசைஞ்சு போடுவா, முட்டாளே” என்று திட்டிக்கொண்டே சுற்றினாள்.

பதினைந்தாம் நாள் அக்கா கறிவேப்பிலை வாங்கிவிட்டுத் திரும்பியபோது கதவு அவள் கைரேகையை ஏற்க மறுத்தது. தகவல் கேட்டு ஓடிவந்தார் திருவேங்கடம். எதிர்வீட்டுக் குபேந்திரன் வாசலில் நெளிந்துகொண்டு நின்றான். அவனும் மனைவியும் இரண்டே பேர். தினம் நாலு கடையில் வரவழைத்து, ருசி பார்த்து, கொட்டுவார்கள். அவன் வீட்டுப் பெட்டி நாளுக்கு இரண்டரைக் கிலோவை நெருங்கும். வாரியத்தின் கணக்கில் அங்கே பதினொரு பேர் நெரிசலில் தவித்தார்கள். அக்காவின் வீடு அவனுக்குத்தான்.

“அக்கா, சத்தியமா நான் கேக்கலை” என்றான். “வேணாம்னு எழுதிக்கூடக் குடுத்தேன். பதினொரு பேரும் கையெழுத்துப் போடணுமாம். மீதி ஒம்பது பேருக்கு நான் எங்க போவேன்?”

அவனைத் திட்ட வாயெடுத்த அக்கா நிறுத்திக்கொண்டாள். அவனே கதவைத் திறந்துவிட்டான். அவள் அம்மிக்கல்லையும் மாமா படத்தையும் நாலு பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த அன்றே அடுப்படி அவள் கைக்குப் போயிற்று. பொட்டலங்கள் நின்றன. பூசணி விதை வறுபட்டது. தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டாயிற்று. சாதம் வடித்த கஞ்சியில் உப்பு விழுந்தது. மிஞ்சிய இட்லி உப்புமாவாகி, உப்புமா மாலையில் கொழுக்கட்டையாகித் திருவேங்கடத்தின் முன் வந்து நின்றது. தட்டில் கறிவேப்பிலையை ஒதுக்கினால் அக்கா பார்க்கும் பார்வையில் அது தானாக வாய்க்குள் போய்விடும். பத்து வருடமாகப் படுத்திய நெஞ்செரிச்சல் காணாமல் போனது. பெட்டிக்குள் சிப்பாய்களின் சரசரப்பும் குறைந்துகொண்டே வந்தது. அவர் கவனிக்கவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறவன் எதைக் கவனித்தான்?

ஒரு மாதம் கழித்து, காலை ஒன்பது மணிக்கு, அவர் வீட்டுக் கதவுப் பட்டை சாம்பலாயிற்று.

‘இவ்வீட்டில் ஆள் இல்லை.’

அவர் வாசலுக்கும் அடுப்படிக்கும் நாலு முறை நடந்தார். அவர்தான் அளவுகோல். அளவுகோலே அளவுக்கு வரவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் அந்தச் சிமெண்ட் கைக்காரனின் முகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. நாலாயிரம் கதவுகளைத் திறந்த பெருமையில் வருடக்கணக்காக நெஞ்சை நிமிர்த்தி நடந்தோமே, அதற்குப் பிறகு சாம்பலான கதவுகளை ஒருநாளாவது போய்ப் பார்த்தோமா? பெண் குழந்தைக்கு வைத்த பெயரைச் சொல்லி எத்தனை கூட்டத்தில் சிரிக்க வைத்தோம்!

அடுப்படியில் அக்கா எச்சப்பெட்டியின் முன் நின்றுகொண்டிருந்தாள். மூடி திறந்திருந்தது. கையில் ஓர் உருண்டை சோறு. துவையல் போட்டுப் பிசைந்தது.

“என்னக்கா பண்றே?”

“எனக்குத்தான் வீடு போச்சு. உனக்குமா போகணும்?” அவள் உருண்டையை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தாள். “தினம் ரெண்டு உருண்டை போட்டா போதுமாடா? எத்தனை கிராம் இருக்கும் இது?”

அறுபது வருடத்தில் ஒரு பருக்கையைக் கீழே போடாத கை, பெட்டிக்கு மேலே நின்றது. விரல் திறக்க மறுத்தது. அடியில் மிச்சமிருந்த நாலைந்து சிப்பாய்கள் தலையைத் தூக்கின.

திருவேங்கடம் குனிந்து அந்த உருண்டையை அவள் கையிலிருந்தே வாயில் வாங்கிக்கொண்டார். மென்று விழுங்கினார். பிறகு பெட்டியின் மூடியை ஓங்கி அறைந்து சாத்தினார்.

“வா, போலாம்.”

“எங்கடா?”

“கதவைத் தட்ட. ஒண்ணொண்ணா. முதல்லயே செஞ்சிருக்க வேண்டியது.”

அதே தளத்தில், மாடிப்படியை ஒட்டி ஒரு சாம்பல் கதவு இருந்தது. ஏழு மாதமாக அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தார். பதினைந்து நாள் கெடு தாண்டியும் யாருக்கும் ஒதுக்கப்படாமல் வாரியத்தின் வரிசையில் காத்திருக்கும் வீடு. எவனோ பணக்காரன் பூட்டி வைத்திருக்கிறான் என்று நினைத்து, கடக்கும்போதெல்லாம் மனதுக்குள் திட்டுவார். இன்று பக்கத்தில் நின்றபோதுதான் இடுக்கு வழியே ரசத்தின் வாசனை வந்தது.

தட்டினார். உள்ளே பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. மறுபடி தட்டினார்.

“இங்க யாரும் இல்லை!” ஒரு பெண்ணின் குரல். பயந்த குரல். “போயிடுங்க!”

திருவேங்கடம் கையை இறக்கினார். அக்கா அவரைத் தள்ளிவிட்டுக் கதவில் வாயை வைத்தாள்.

“எங்க வீட்டுலயும் யாரும் இல்லம்மா. கதவைத் தொற.”